சட்டை கழற்றும் காட்சியை வகுப்பில் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

கேள்வி: கரும்பலகை

பதினொன்றாம் வகுப்பு, ஆணும் பெண்ணுமாக 40 பேர். இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது, மொத்தம் 90 நிமிடம். சினிமாவும் விளம்பரமும் ஆண் உடம்பை எப்படிக் காட்டுகின்றன, பெண் உடம்பை எப்படிக் காட்டுகின்றன என்பதுதான் பொருள்.

பெண்கள் பக்கம் சிக்கல் இல்லை. சிவப்பழகு கிரீம், 'சைஸ் ஜீரோ' என்று எடுத்துக்கொடுத்தாலே பிள்ளைகள் தாங்களாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் பக்கம் வந்தால் பேச்சு இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 'சிக்ஸ் பேக் வைக்கிறது நல்லதுதானே, உழைப்புதானே' என்பது ஒன்று. 'சொட்டை, குண்டு, நோஞ்சான்னு எங்களையும்தான் ஓட்டுறாங்க, அதை யார் கேக்கறா' என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அது பெண்களுக்கு எதிரான வாதமாகத் திரும்பிவிடுகிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்த உடம்பு படப்பிடிப்பில் எப்படித் தயாராகிறது என்ற விவரம். இரட்டை அளவுகோல் இருக்கிறதா என்பதைப் பிள்ளைகளே ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க ஒரு வழி. ஜிம் ஊசி, பவுடர் பற்றி இந்த வயதில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது. பொதுவான அறிவுரை வேண்டாம், அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

பதில்: தெர்மாகோல்

போஸ்டர்ல இருக்கற உடம்பு அந்த நடிகரோட தினசரி உடம்பு கிடையாது. அது ஒரு நாளுக்கான உடம்பு, இன்னும் சரியாச் சொன்னா சில ஷாட்டுக்கான உடம்பு. பசங்களுக்கு முதல்ல இதைத்தான் காட்டணும்.

லைட்ல ஆரம்பிங்க. வயித்துத் தசை தெரியறதுக்குக் காரணம் வெளிச்சம் இல்லை, நிழல். கேமரா பக்கத்துலேர்ந்து நேரா லைட் அடிச்சா எவ்வளவு கட்டான உடம்பும் தட்டையா, பலகை மாதிரி தெரியும். அதே லைட்டைப் பக்கவாட்டுலயோ தலைக்கு மேலயோ கொண்டுபோனா ஒவ்வொரு பள்ளத்துலயும் நிழல் விழும். எதிர்ப் பக்கம் வழக்கமா தெர்மாகோல் வச்சு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்போம்ல, இந்த மாதிரிக் காட்சியில அதை எடுத்துட்டுக் கறுப்புத் துணி கட்டிடுவாங்க. நிழல் இன்னும் கறுக்கும். அதுக்கு மேல மேக்கப்ல தசைக் கோட்டு ஓரமா தோல் நிறத்தைவிட ஒரு படி கூடுன ஷேடு போடுவாங்க. எண்ணெயோ கிளிசரின் கலந்த தண்ணியோ ஸ்ப்ரே பண்ணா மேட்டுப் பகுதி மினுக்கும், பள்ளம் அப்படியே இருட்டா நிக்கும்.

ரெண்டாவது, பம்ப். டேக்குக்கு முன்னாடி அஞ்சு பத்து நிமிஷம் தண்டால், ரப்பர் பேண்டு இழுக்கறது. தசைக்குள்ள ரத்தம் ஏறி உப்பும். அரை மணி நேரம் நின்னாலே பெரிசு, அப்புறம் வடிஞ்சிடும். அதனாலதான் லைட்டெல்லாம் செட் ஆகற வரைக்கும் டூப்பை நிக்க வச்சுட்டு, கடைசி நிமிஷத்துல நடிகரைக் கூப்பிடறாங்க. சட்டை இல்லாத காட்சிகளை ஷெட்யூல்ல ஒரே கொத்தா, ரெண்டு மூணு நாள்ல முடிக்கிற மாதிரி வைக்கறதுக்கும் காரணம் இதுதான். மாசக்கணக்குல அந்த நிலைமையில யாரும் இருக்க முடியாது.

மூணாவதுதான் ஆபத்தானது, வாட்டர் கட். தோலுக்கும் தசைக்கும் நடுவுல இருக்கற நீரைக் குறைச்சா தோல் ஒட்டிப்போய் நரம்பு தெரியும்னு கணக்கு. 'சூப்பர்மேன்' நடிகர் ஹென்றி கேவில் 2019ல பிபிசி நிகழ்ச்சி ஒண்ணுலயே இதை வெளிப்படையாச் சொன்னார்: முதல் நாள் ஒன்றரை லிட்டர், மறுநாள் அரை லிட்டர், மூணாம் நாள் தண்ணியே கிடையாது, அதோட ஷூட்டிங். ஸாக் எஃப்ரான் 2017ல வந்த 'பேவாட்ச்' படத்துக்காக நீர் பிரிக்கற மருந்து சாப்பிட்டதையும், அதுக்கப்புறம் தூக்கம் போய் மனச்சோர்வுல விழுந்ததையும் 2022ல பேட்டியில சொல்லிட்டார்.

இதுல தொழில்நுட்பமாவே ஒரு கோளாறு இருக்கு. தசைக்குள்ள சேமிச்சிருக்கற ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜன்ங்கற சர்க்கரைச் சத்தோடயும் சுமார் 3 கிராம் தண்ணி ஒட்டிட்டு இருக்கும். தண்ணியை வெட்டுனா தோலடி நீர் மட்டும் போகாது, தசையும் சேர்ந்து சுருங்கும். உப்பையும் அரிசியையும் சேத்து நிறுத்துனா பம்பே ஏறாது. பட்டினி கிடந்து, காஞ்சு போய், கடைசியில கேமரா முன்னாடி தட்டையா நிக்கறவங்கதான் அதிகம்.

வகுப்புல செஞ்சு காட்ட: யாரையும் சட்டை கழட்டச் சொல்லாதீங்க, முன்கை போதும். ஒரே பையன், ஒரே கை, ரெண்டு போட்டோ. முதல் போட்டோவுல கையை அரை நிமிஷம் தலைக்கு மேல தூக்கி வச்சிருந்துட்டு, செல்போன் ஃப்ளாஷ் நேரா அடிக்க எடுங்க. அடுத்ததுக்குக் கையைத் தொங்கவிட்டு ஒரு ரப்பர் பந்தை 40, 50 தடவை அமுக்கச் சொல்லுங்க, இன்னொரு செல்போன் டார்ச்சைக் கைக்குப் பக்கவாட்டுல வச்சு எடுங்க. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினா இன்னும் நல்லது. அஞ்சு நிமிஷ இடைவெளியில ரெண்டு வேற ஆளோட கை மாதிரி இருக்கும்.

ஹாலிவுட் நடிகர் குமைல் நஞ்சியானி 2019 டிசம்பர்ல உடம்பைக் காட்டிப் போட்டோ போட்டப்போ கீழயே எழுதினதையும் படிச்சுக் காட்டலாம். உலகத்துலயே பெரிய ஸ்டுடியோ ஒண்ணு ஒரு வருஷம் பயிற்சியாளருக்கும் உணவு நிபுணருக்கும் காசு கொடுத்துச்சு, அது இல்லாம இப்படி ஆகியிருக்க முடியாதுன்னு அவரே சொன்னார். நம்ம ஊர்ல இந்தக் கடைசி வரியை யாரும் போடறதில்லை.

பதில்: மாத்திரைச்சீட்டு

தெர்மாகோல் சொன்னதில் நீர் பிரிக்கும் மருந்தை மட்டும் விரிவாக்குகிறேன். ஃப்யூரோசமைடு போன்ற மருந்து சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். கை கால் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடம் மாறும். 'அப்போ பொட்டாசியம் மாத்திரை போட்டுக்கறேன்' என்பது அடுத்த தவறு. கூடவே ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் பிரிக்கும் மருந்தை எடுத்தால் அது பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும், அளவு ஏறி இதயம் நின்றே போகலாம். பாடிபில்டர் முகமது பெனாசிசா 1992இல் போட்டி முடிந்த கையோடு இறந்தார். அமெரிக்காவில் 1997 இறுதியில் எடை குறைக்க உடலை வறட்டிய மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் இறந்துபோக, போட்டி விதிகளையே மாற்ற வேண்டி வந்தது.

ஜிம் ஊசியில் வரும் ஸ்டீராய்டு பற்றி 16, 17 வயதுக்காரர்களிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் புற்றுநோயோ இதயமோ அல்ல. அவை எப்போதோ வருபவை, காதில் ஏறாது. உயரத்தைச் சொல்லுங்கள். எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் இந்த வயதில் பலருக்கு முழுதாக மூடியிருக்காது. வெளியிலிருந்து ஏற்றும் ஹார்மோன் அவற்றைச் சீக்கிரமே மூடிவிடும், அதோடு உயரம் நின்றுவிடும். அடுத்தது: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வந்தால் மூளை தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். கூடுதலாக இருப்பதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி மார்பில் கட்டி விழும். ஆம்பளைத்தனம் கூட்ட எடுத்த ஊசி இதைத்தான் செய்கிறது என்று சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பெயர், அளவு, 'சைக்கிள்' (எத்தனை வாரம் எடுப்பது, எப்போது நிறுத்துவது) கணக்கு எதையும் வகுப்பில் சொல்ல வேண்டாம். அது விளம்பரமாகிவிடும். புரதப் பவுடரையும் ஸ்டீராய்டையும் ஒரே தட்டில் வைத்துப் பயமுறுத்தவும் வேண்டாம். பவுடர் என்பது உணவு. தரமில்லாத டப்பாவும் அதில் கலப்படமும் தனிப் பிரச்சினை. இரண்டையும் குழப்பினால் ஜிம் போகும் பையன் உங்களை விஷயம் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவான், பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் நிற்காது.

'இது உழைப்பா, ஊசியா' என்ற கேள்வி கட்டாயம் வரும். 1995இல் கௌரி, போப் முதலிய ஆய்வாளர்கள் பயன்படுத்திய ஒரு கணக்கு உண்டு. கொழுப்பைக் கழித்த எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்து, அதோடு 6.3 பெருக்கல் (1.80 கழித்தல் உயரம்) என்பதைக் கூட்ட வேண்டும். 1.70 மீட்டர், 75 கிலோ, 12% கொழுப்பு என்றால் 66 வகுத்தல் 2.89, அதாவது 22.84, அதோடு 0.63 சேர்த்து சுமார் 23.5. மருந்து எடுக்காத விளையாட்டு வீரர்களின் உச்சம் அந்த ஆய்வில் 25ஐ ஒட்டி நின்றது. அதே உயரத்தில் 90 கிலோ, 8% கொழுப்பு என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் 29 தாண்டும். ஆனால் இதை வைத்து எந்த நடிகரையும் குற்றம் சாட்ட விடாதீர்கள். கொழுப்பு சதவீதத்தைப் போட்டோ பார்த்து ஊகித்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். மேலே சொன்ன 75 கிலோ ஆளுக்கு உண்மையில் 18% என்றால் விடை 21.9தான்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள்: சில மாதங்களிலேயே 8, 10 கிலோ தசை ஏறுவது (புதிதாகத் தொடங்குபவருக்கு மாதம் ஒரு கிலோவே அதிகம்), முதுகிலும் தோளிலும் திடீர்ப் பருக்கள், அக்குள் ஓரத்தில் கோடுகள், மார்புக் காம்பில் வலி. மனதின் பக்கம் பார்த்தால், கட்டான உடம்பு இருந்தும் தன்னை நோஞ்சான் என்றே நம்புவது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, காயத்தோடும் ஜிம்முக்குப் போவது, வெயிலிலும் தொளதொள சட்டைக்குள் ஒளிவது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) இதை உடல் தோற்றக் குறை நோயின் ஒரு வகையாகவே சேர்த்திருக்கிறது.

இரட்டை அளவுகோல் மருத்துவத்திலும் உண்டு, உங்கள் தலைப்புக்கு இது பொருந்தும். 1689இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் சாப்பிடாமல் மெலியும் நோயைப் பற்றி எழுதியபோது சொன்ன இரண்டு நோயாளிகளில் ஒருவன் 16 வயதுப் பையன். ஆனால் பின்னாளில் அந்த நோயைக் கண்டறியும் விதிகளில் 'மாதவிலக்கு நிற்பது' ஒன்றாக இருந்தது, 2013 வரைக்கும். இன்றும் முதல்கட்டச் சோதனைக் கேள்விகளில் பல 'குண்டாக இருக்கிறேன் என்று நினைக்கிறாயா' என்றே கேட்கின்றன. 'ஒல்லியாக இருக்கிறேன்' என்று தவிக்கும் பையன் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுத் தப்பிவிடுவான்.

பதில்: ஓரமா நிக்கிறேன்

எல்லாம் சரி. ஆனா 'ஆண்களுக்கும் அழுத்தம் இருக்கு'ன்னு 90 நிமிஷம் பேசினா, பெண்கள் நூறு வருஷமா வாங்கிட்டு இருக்கறதும் இதுவும் ஒண்ணுன்னு ஆயிடாதா? தொப்பையோட 60 வயசு ஹீரோ 25 வயசுப் பொண்ணோட டூயட் பாடறார். அந்த வயசுல ஒரு நடிகைக்கு அம்மா வேஷம்கூடக் கிடைக்கறது கஷ்டம். இதை விட்டுட்டு சிக்ஸ் பேக்குக்கு அழுவானேன்?

பதில்: அங்குலக்கோல்

ஓரமா நிக்கிறவர் சொல்வது சரியான தடை. பதில் அளவையில் இருக்கிறது, கருத்தில் இல்லை. இரண்டு பக்கமும் சுமை இருக்கிறது, ஆனால் வேறு வேறு விதிப்படி. அந்த விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

எளிய கருவி: முக விகிதம். ஆய்வாளர் டேன் ஆர்ச்சரும் கூட்டாளிகளும் 1983இல் பயன்படுத்தியது. படத்தில் உச்சந்தலையிலிருந்து தாடை வரை உள்ள நீளத்தை, உச்சந்தலையிலிருந்து உடம்பு தெரியும் கடைசிப் புள்ளி வரை உள்ள நீளத்தால் வகுக்க வேண்டும். முகம் 6 செ.மீ., தெரியும் மொத்த உருவம் 10 செ.மீ. என்றால் 0.6. முகம் மட்டும் இருந்தால் 1. பத்திரிகைப் படங்களில் ஆண்களின் எண் பெண்களின் எண்ணைவிட அதிகமாக இருந்தது அவர்கள் கண்டது. அதாவது ஆண் என்றால் முகம், பெண் என்றால் உடம்பு. நாளிதழ் சினிமா விளம்பரங்கள் ஒரு கட்டு, பிளாஸ்டிக் ஸ்கேல், இரண்டு பேருக்கு ஒரு தாள். அரை மணி நேரத்தில் 60 படங்களை அளந்துவிடலாம். நாயகன் சட்டையில்லாமல் நிற்கும் போஸ்டர்களைத் தனிக் கட்டாக வையுங்கள். அவனுடைய எண்ணும் அங்கே இறங்கும். எவ்வளவு இறங்குகிறது, அப்போதும் நாயகியின் எண்ணுக்குக் கீழே போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அளக்கும்போது கெடும் இடங்கள்: தொப்பி, தலைப்பாகை வந்தால் எங்கே தொடங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதது, குனிந்த உருவத்தைச் செங்குத்தாக அளப்பது, ஞாபகத்தில் நிற்கும் போஸ்டர்களை மட்டும் தேடி எடுப்பது. கடைசியது மிக மோசம், ஏனெனில் நம் ஞாபகம் ஏற்கெனவே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டது. வசூல் வரிசைப்படி தேர்ந்தெடுக்கலாம் என்றால் நம்மூர் வசூல் கணக்கை நம்ப முடியாது. ஏதாவது ஐந்து ஆண்டுகளின் பொங்கல், தீபாவளி வெளியீடுகள் அத்தனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சந்தேகப்பட முடியாது.

இரண்டாவது தாள் காட்சிகளுக்கு. உடம்பு காட்டப்படும் ஒவ்வொரு காட்சிக்கும் நான்கே நான்கு கேள்விகள். ஆடை குறைவதற்குக் கதை என்ன காரணம் கொடுக்கிறது? திரையில் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? வசனத்தில் உடம்பு பற்றிப் பேச்சு வருகிறதா, புகழ்ச்சியா கேலியா? காட்சி முடிந்ததும் அந்த ஆளுக்குக் கதையில் அதிகாரம் கூடுகிறதா, குறைகிறதா? ஒரே காட்சியை இரண்டு பேர் தனித்தனியாக நிரப்ப வேண்டும். பத்தில் எட்டுக்கும் குறைவாக ஒத்துப்போனால் கேள்வி தெளிவில்லை என்று பொருள், திருத்திவிட்டுத் தொடருங்கள். 'கேலி' என்ற கட்டத்தில்தான் பெரும்பாலும் இடிக்கும்.

என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கோடி காட்டுகிறேன். நாயகனின் சட்டைக்கு எப்போதும் ஒரு சாக்கு தேவைப்படுகிறது: சண்டையில் கிழியும், மழையில் நனையும், பயிற்சியில் கழறும். 2008இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யாவின் சிக்ஸ் பேக், காதலியை இழந்து போதையில் விழுந்தவன் மீண்டு எழும் பகுதியில்தான் வருகிறது. உடம்பு அங்கே ஒழுக்கத்தின் சான்றிதழ். நாயகியின் உடம்புக்குச் சாக்கே வேண்டாம், பாட்டு போதும். ஆண் உடம்பு 'சாதித்தது', பெண் உடம்பு 'இருப்பது'. முதல் பார்வைக்கு இது ஆணுக்குச் சாதகம். ஆனால் சாதித்தது என்று சொல்லிவிட்டால் அந்த உடம்பு இல்லாதவன் சோம்பேறி என்றாகிவிடுகிறது. வலியையும் தாகத்தையும் 'அர்ப்பணிப்பு' என்று பாராட்டிவிட்டதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2016இல் 'தங்கல்' படத்துக்காக ஆமிர் கான் 97 கிலோ வரை ஏறி இறங்கியதையே ஒரு விளம்பரக் காணொளியாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 'இஞ்சி இடுப்பழகி'க்காக அனுஷ்கா எடை கூடினார். இரண்டு படங்களையும் ஒட்டி வந்த செய்தித் தலைப்புகளைப் பிள்ளைகளைத் தேடி எடுத்து வரச் சொல்லி, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

கேலிப் பக்கம் அடுக்கு முறை இன்னும் வெளிப்படை. நகைச்சுவை நடிகரின் உயரம், நிறம், வழுக்கை, தொப்பை எல்லாமே வசனத்துக்கு மூலப்பொருள். கவுண்டமணி–செந்தில் காலத்திலிருந்து அதுதான் பாதி நகைச்சுவை. நாயகனுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ரஜினிகாந்த் வழுக்கைத் தலையோடு மேடைக்கு வருகிறார், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. திரையில் விக் வந்துவிடுகிறது. தொடக்க காலத்தில் தன் தோற்றத்தைக் கிண்டல் செய்ததை தனுஷே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நட்சத்திரமானதும் அதே ஒல்லி உடம்பு 'பக்கத்து வீட்டுப் பையன்' ஆகிவிட்டது. ஆணுக்கு அந்தஸ்து ஏறினால் உடம்பு மன்னிக்கப்படும். நடிகைக்கு அந்தஸ்து ஏற ஏற உடம்பின் மேலான கண்காணிப்பும் ஏறும். ஓரமா நிக்கிறவரின் கேள்விக்கு என் பதில் இந்த இடம்தான்.

இது நம்மூரில் மட்டும் நடப்பது என்ற எண்ணம் வராமலிருக்க ஒரு பொம்மை உதாரணம். ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கச் சிப்பாய்ப் பொம்மைகளை ஹாரிசன் போப் (மேலே வந்த அதே போப்) குழு 1999இல் அளந்து, 5 அடி 10 அங்குல மனிதன் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தது. 1964 பொம்மையின் புஜச் சுற்றளவு 12.2 அங்குலம். தொண்ணூறுகளில் வந்த எக்ஸ்ட்ரீம் வகையில் 26.8. ஒரு அளவு நாடாவை 27 அங்குலத்துக்கு வட்டமாகப் பிடித்துக் காட்டுங்கள். வகுப்பில் பலரின் இடுப்பே அதற்குள் அடங்கிவிடும்.

பதில்: கரும்பலகை

மிக்க நன்றி. முன்கைப் படம் 15 நிமிடம், போஸ்டர் அளவை 35, காட்சித் தாள் 25, மருத்துவப் பகுதி 15 என்று வகுத்திருக்கிறேன். விளம்பரத்துக்கு நேரமே இல்லை. ஒரே ஒரு உதாரணம் என்றால் எது?

பதில்: அங்குலக்கோல்

ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம். பெண்களுக்கானது 1975இலேயே வந்துவிட்டது; 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' 2005இல். பெண்ணுக்கு 'கல்யாணம், வேலை கிடைக்கும்' என்றும் ஆணுக்கு 'பெண்கள் கிரீமைத் திருட்டுத்தனமாகப் பூசாதே, உன் தோல் முரட்டுத் தோல்' என்றும் ஒரே ஆசையை இரண்டு பயத்தின் வழியாக விற்றார்கள். 2013இல் ஒருவர் இந்த 79 ரூபாய் ஆண்கள் கிரீமுக்காகத் தொடுத்த வழக்கில், டெல்லி நுகர்வோர் மன்றம் 2024 டிசம்பரில் அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி, பாலினப் பிம்பங்கள் பற்றிய வழிகாட்டுதலை 2022 ஜூனில் வெளியிட்டது. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. விளம்பரம் வந்த இடமும் தேதியும், ஒரு படமும் தேவை.

பதில்: மாத்திரைச்சீட்டு

நேரப் பங்கீட்டில் ஒரு மாற்றம். மருத்துவப் பகுதியைக் கடைசியில் வைக்காதீர்கள், மணி அடித்ததும் ஓடிவிடுவார்கள். போஸ்டர் அளவைக்கு முன்னால் வையுங்கள். பிள்ளைகளின் எடையையோ புஜத்தையோ வகுப்பில் அளக்கவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. யாராவது தனியாக வந்து கேட்டால், 'ஏன் எடுத்தாய்' என்று தொடங்காமல் என்ன எடுத்தான், எத்தனை வாரமாக என்று மட்டும் கேட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஊசியைத் திடீரென்று தானாக நிறுத்தினாலும் மனச்சோர்வு வரும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

பதில்: தெர்மாகோல்

ஒரு சின்ன விஷயம். வகுப்புல டியூப் லைட்டை அணைச்சு ஜன்னலைச் சாத்திடுங்க. மேலேர்ந்து பரவலா வெளிச்சம் விழுந்தா பக்கவாட்டு நிழல் கரைஞ்சு போயிடும், ரெண்டு போட்டோவும் ஒரே மாதிரி வரும். டார்ச்சைக் கையிலேர்ந்து ஒரு அடி தள்ளி வைங்க. செல்போன் கேமராவுல ஹெச்டிஆர் ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா அதுவே நிழலைத் தூக்கிவிட்டுடும்.